இருமல் மருந்தும் இரண்டு வருடமும்

அரையிறுதியில் ஜெயித்துவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டார். குலுக்கலில் என் ஜெர்சி எண் வந்திருக்கிறது, ஊக்கமருந்துப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குப் பயமே வரவில்லை. டிவியில் வருகிறவர்களுக்குச் செய்வதை நமக்கும் செய்கிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. கழிவறைக்குள்ளும் அவர் கூடவே வந்து நின்றதுதான் கூச்சம். இந்த ஒரு வாரத்தில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். "இருமல் மருந்து" என்றேன். பெயர் தெரியவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதை வாங்கி வந்தவள் எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியின் கேப்டன். என் வகுப்பு, என் உயிர்த்தோழி. எனக்குப் பாகூர்ப் பக்கம் சோரியாங்குப்பம், அவளுக்கு வில்லியனூர்ப் பக்கம். பிராக்டிஸ் முடிந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கொண்டே நடந்து, அங்கே ஆளுக்கொரு பஸ் ஏறுவோம். போட்டிக்காக வடக்கே ரயிலில் போகும்போதே எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள் மூச்சு இழுத்தது. அவள்தான் தங்கியிருந்த இடத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடி, ஒரு பாட்டில் வாங்கி வந்து, மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"கண்ண மூடிக்கினு குடிச்சுடுடி. நாளைக்கு நீ இல்லன்னா ரீபவுண்ட யாரு எடுக்கறது?"

குடித்தேன். மூச்சு லேசானது. அடுத்த நாள் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தையெல்லாம் எம்பிப் பிடித்து, அப்படி ஆடினேன். இறுதி ஆட்டத்தில் தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினோம்.

சில வாரங்கள் கழித்து, எங்கள் உடற்கல்வி மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பரிசோதனையில் நான் மாட்டியிருந்தேன். அந்த இருமல் மருந்தில் மூச்சுக்குழாயை விரிக்கிற ஏதோ ஒன்று கலந்திருக்கிறது; விளையாடுகிறவர்கள் முன்அனுமதி இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. யார் கொடுத்தாலும், தெரிந்து குடித்தாலும் தெரியாமல் குடித்தாலும், உடம்புக்குள் போனதற்கு ஆடுகிறவர்தான் பொறுப்பு. முடிவு தெரிகிறவரை ஆடக் கூடாது என்றார்.

மறுநாள் அப்பாவை அழைத்துப் போனேன். கரும்புத் தோட்டத்திலிருந்து சட்டை மாற்றிக்கொண்டு அவசரமாக வந்திருந்தார். மேடம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். "பாட்டில் இல்ல, பில்லும் இல்ல. வாங்கினது கேப்டன், காசு போனதும் அவ போன்லேர்ந்து. அவ அத எழுதிக் குடுத்தா தண்டனை கொறைய வாய்ப்பிருக்கு. நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

தோழியிடம் சொன்னபோது, "இதுல இன்னாடி இருக்குது? நாளைக்கே எழுதித் தரேன்" என்றாள்.

அந்த நாளை வருவதற்குள் விஷயம் வெளியே போய்விட்டது. பேப்பரில் பெயர் போடாமல் ஒரு மூலையில் ஊக்கமருந்து என்றுதான் எழுதியிருந்தார்கள். டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அது போதை மருந்தாகி இருந்தது. கரும்பு வெட்டுகிற இடத்தில் ஒருவர் அப்பாவிடம், "உம் பொண்ணு போதை ஊசி போட்டுக்கினு ஆடுச்சாமே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கால் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"இருமலுக்குத்தான குடிச்ச?"

"ஆமாம்பா."

"அப்ப வுடு. வேற யாருக்கும் நீ பதில் சொல்ல வேணாம்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

தோழி எழுதித் தரவில்லை. கல்லூரிக்கும் வரவில்லை. அப்பாவும் நானும் பைக்கில் அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அப்பா மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுக்கச் சொன்னார். பிறகு என் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"உங்க பொண்ண நான் தப்பு சொல்லலீங்க. ஆனா போதை கேசுல எம் பொண்ணு பேரு வரக் கூடாது. வரன் பாத்துக்கினு இருக்கோம்."

"போதை இல்லீங்க. இருமல் மருந்துங்க" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியுதுங்க. ஊருக்குத் தெரியுமா?"

அவள் உள்கதவை ஒட்டி நின்றிருந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள். அப்பா காபியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தார். பாதி வழி வந்த பிறகு, "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பனோ இன்னாவோ" என்றார். அன்றைக்கு எனக்கு அப்பா மேலேயும் கோபம் வந்தது.

விசாரணை வீடியோ காலில் நடந்தது. ஆங்கிலத்தில் கேட்டார்கள், மேடம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். பாட்டில் எங்கே? தூக்கிப் போட்டுவிட்டோம். வாங்கியது யார்? கூட ஆடிய பெண். அவர் எழுதித் தந்திருக்கிறாரா? இல்லை. நான் சொன்னதை அவர்கள் நம்பாமலும் இல்லை. அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத் தடை. அணியின் வெள்ளி அணிக்கே இருக்கும், என் பதக்கம் மட்டும் திரும்பப் போக வேண்டும். மேடம்தான் அதைக் கவரில் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது அழுதார்.

"டீமோட பிராக்டிஸும் பண்ணக் கூடாதும்மா. நீ கிரவுண்டுல நின்னாகூட கேள்வி வரும்" என்றார்.

கடைசி வருடம் முழுவதும் சாயங்காலம் மைதானப் பக்கம் பந்து தரையில் அடிபடுகிற சத்தம் கேட்கும். நான் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். அவள் கல்லூரிக்குத் திரும்பி வந்து, அணியை நடத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் எங்களுக்கு நடுவே ஒரே ஒரு பெஞ்சுதான். அவள் பேசுவாள் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

தடை முடிந்தபோது நான் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தேர்வு ஆட்டத்துக்குப் போனேன். எம்பினால் பந்து விரல் நுனிக்கு மேலே போனது. மாற்று ஆட்டக்காரியாக எடுத்தார்கள். ஒரு போட்டியில் கொஞ்ச நேரம் ஆடினேன். பிறகு போகவில்லை.

போன வருடம் அரியூரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னைக் கண்டதும் சாப்பாட்டு வரிசையை விட்டு நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்ட சண்ட போட்டாவது எழுதிக் குடுத்துருக்கணும்டி."

"குடுத்துருந்தாலும் எவ்ளோ கொறைஞ்சிருக்கும்னு யாருக்குத் தெரியும், வுடு" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை. தண்டனை முழுசாகவே கிடைத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு வருடம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் குழந்தை அழுதது. அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது தினமும் காலை வணக்கம் என்று ஒரு பூப்படம் அனுப்புகிறாள். நானும் ஒன்று அனுப்புகிறேன். அதற்கு மேல் எழுத இருவருக்கும் இன்னும் வரவில்லை.