இஞ்சி தின்ற கதை

குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, தின்ற அன்றைக்கு இஞ்சி ஆகாது, இரண்டும் சேர்ந்தால் விஷம் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒன்பது வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. என்ன, இஞ்சி மிட்டாய் வாயில் பாதி கரைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜவ்வரிசி மில்லுக்கு லாரியில் ஏற்றுவதற்காகக் காட்டோரம் கிழங்கு குவித்திருந்தார்கள். மில்லுக்குப் போகிற ரகம் அது, வீட்டில் வேகவைப்பதில்லை. நானும் ஆறு வயதுத் தங்கையும் ஒன்றை உரித்துப் பச்சையாகவே கடித்தோம். கசந்தது. என் பங்கையும் அவளிடம் தள்ளிவிட்டேன். அண்ணன் கொடுத்ததாயிற்றே என்று முழுசும் தின்றாள். அப்புறம் வாங்கிய மிட்டாயில் மட்டும் அவளுக்குப் பங்கு தரவில்லை.

நான் செத்த விதம் பிரமாதமானது. வாசலில் விழுந்து புரண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கால் மரத்தது, காது அடைத்தது. நாக்கு உள்ளே போய்விடும் போலிருக்கவே அதை விரலால் பிடித்துக்கொண்டு, என் பம்பரத்தை யாருக்கும் தரக்கூடாது என்று உயிலும் சொன்னேன். அப்பா டிவிஎஸ்ஸை எடுத்தார். தங்கையைத் தனியே விட முடியாமல் அம்மா அவளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். வழியில் தங்கை வாந்தியெடுத்தாள். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டில் கிடைத்தது. டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். இஞ்சிக் கதையைக் கேட்டுச் சிரிக்கப் போனவர், கிழங்கு வெந்ததா பச்சையா, எவ்வளவு, எப்போது, வேறு யார் தின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"பாப்பாவும் தின்னுச்சுங்க. நல்லவேளை, இஞ்சி திங்கலீங்க," என்றாள் அம்மா. "அலுத்துப்போயித் தூங்குதுங்க."

டாக்டரம்மா தங்கையின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது தூக்கமில்லம்மா. விஷமே கிழங்குலதான் இருக்கு. பையனை எறக்குங்க."

இறக்கினார்கள். அந்தக் கட்டிலில் அவளைக் கிடத்தி, முகத்தில் ஆக்சிஜன் மாட்டி, கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அம்மா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்துதான் கண் திறந்தாள்.

அதுவரை நான் வராண்டாவில் தேம்பிக்கொண்டிருந்தேன். இஞ்சி தின்று சாகக்கிடக்கிறவனை இறக்கிவிட்டு, இஞ்சியை மோந்துகூடப் பார்க்காதவளுக்குக் கட்டிலைக் கொடுத்த அநியாயம் எனக்கு ஆறவில்லை. அப்பா வந்து என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அழுவாத சாமி. தங்கச்சிக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் பேச்சு இப்போது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.