கரிமண்ணில் விட்ட புழுக்கள்

கல்யாணமாகி நான் லாலாகுடாவுக்கு வந்தது நிஜாம் காலத்தில். என் கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொல்லை. எஞ்சின் கரிச்சாம்பலைக் கொட்டி மேடாக்கிய இடம் அது. கீரை விதைத்தேன். விரலளவு வளர்ந்து வதங்கிவிட்டது. மறுபடி விதைத்தேன், அதுவும் அப்படியே. அன்று அவருக்குத் தெரியாமல் அழுதேன் என்று நினைத்தேன், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். அந்த ஞாயிறு மீன் இல்லாமல் திரும்பினார். தூண்டிலுக்குப் புழு எடுத்துப்போகும் தகர டப்பா நிறைய மண்புழுக்கள்.

"மீன் எங்கேங்க?"

"தூண்டிலே போடல. புழு தோண்டுற எடத்துல மண்ணு பஞ்சாட்டம் இருக்கு. நம்ம கொல்லையில ஒரு புழுகூட இல்லையே, அதான் கொண்டாந்தேன்."

இருவருமாகக் கொல்லையில் விட்டோம். காலையில் பார்த்தால் பாதிப் புழுக்கள் சாம்பல்மேல் காய்ந்து கிடந்தன. அவர் முகம் சுண்டிப்போனது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். மதராஸிலிருந்து வந்து இரண்டு தலைமுறையான குடும்பம்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் உருது அவள் தமிழில் கலந்துவிட்டிருந்தது.

"கைக்கும்மா அதுங்கள பட்டினி போடுறே? சாணி போடு, காஞ்ச எலை போடு. வெயில் மட்டும் நக்கோ."

அவள் சொன்னபடியே செய்தோம். சாணி, வேப்பஞ்சருகு, காய்கறித் தோல் எல்லாம் போட்டு, ஈரச் சாக்கால் மூடினோம். அடுத்த ஞாயிறும் அவர் டப்பாவோடுதான் வந்தார்.

மழைக்காலம் போயிற்று. ஒருநாள் சாக்கைத் தூக்கினேன். இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் சின்னச் சின்ன மண்குவியல்கள், புழுக்கள் தின்று கழித்தவை. கையை விட்டேன், மணிக்கட்டுவரை இறங்கியது. வேலை விட்டு வந்தவரைக் கைகூடக் கழுவவிடாமல் கூட்டிப்போய்க் காட்டினேன். அவரும் கையை விட்டார், கூடவே நானும். மண்ணுக்குள் என் விரல் பட்டதும் சிரித்தார்.

"நீயா? நான் புழுன்னு நெனச்சேன்."

அந்த மண்ணில் கீரை தழைத்து வந்தது. முதல் பறிப்பில் மசியல் செய்தேன். அவர் சாப்பிடும்போது மண் கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. சரியாக அலசவில்லையே என்று குறுகிப்போனேன். அவரோ இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.