ராஜாமணி அக்காவும் காரமடை கப்பும்

ராஜாமணி அக்கா போயிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே... அவங்க பொண்ணு போன் பண்ணிச் சொன்னா.

அப்ப இருந்து மனசு காரமடை கிரவுண்டுலயே நிக்குது. அதைச் சொல்லிடறேன்.

தொண்ணூறுகள்ல கோயமுத்தூர் பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனி. அக்கா டெலிபோன் ஆபரேட்டர், நான் பில்லிங். என்னைவிட ரொம்ப மூத்தவங்க. ஆனா எனக்கு அங்க இருந்த ஒரே ஃப்ரெண்டு அவங்கதான்.

எனக்குப் பூப்பந்துன்னா உசுரு. கம்பெனில லேடீஸ் டீம் ஆரம்பிச்சப்ப நான்தான் கேப்டன்.

அக்காவுக்கு எந்த விளையாட்டும் தெரியாது. "பூவுல கட்டுவாங்களா கண்ணு?"ன்னு கேட்டாங்க. நிஜமாவே கேட்டாங்க.

லஞ்ச்ல விளக்க ஆரம்பிச்சேன். டிபன் பாக்ஸ் மூடிங்கதான் ஆளுங்க, ஸ்கேல்தான் நெட்டு. பந்து மஞ்சக் கம்பளி நூல்ல சுத்துனது, பக்கத்துக்கு அஞ்சு பேரு, கீழ விழறதுக்குள்ள மட்டையால ஒரே அடியில அந்தப் பக்கம் அனுப்பணும்...

மறுநாள் எல்லாத்தையும் மறந்துட்டு வருவாங்க. திரும்ப முதல்ல இருந்து.

அப்பதான் காரமடையில ஒரு டோர்னமெண்ட். ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம். ஆனா ஃபைனல் வேலை நாள்ல, அதுவும் மாசக் கடைசி. ரெண்டு பேருக்குத்தான் லீவுன்னுட்டார் மேனேஜர். நான் சீட்டுல வந்து உக்காந்து அழுதேன்.

அக்கா ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டு நேரா அவர் ரூமுக்குப் போனாங்க. பின்னாடியே நானும்.

அவர் மேசைல இருந்த பேனா, பென்சில் எல்லாம் எடுத்து இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சுன்னு அடுக்கினாங்க. சர்வீஸ்ல இருந்து ஆரம்பிச்சு மொத்த ஆட்டத்தையும் சொன்னாங்க. ஒரு தப்பு இல்ல...

கடைசியா ஒரு பக்கத்துல இருந்து மூணு பேனாவை எடுத்துட்டாங்க. "மிச்ச இடத்தை எல்லாம் யாருங்க சார் பாக்கறது? அனுப்பினா அஞ்சு பேரையும் அனுப்புங்க. பில்லு வேலைய மறுநாள் எல்லாரும் உக்காந்து முடிச்சுப்போடறோமுங்க."

அவர் அந்த மூணு பேனாவையும் வாங்கித் திரும்ப அதே இடத்துல வெச்சார். அப்புறம், நீங்களும் கூடப் போங்கம்மான்னார்.

ஃபைனல். மூணாவது கேம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற வீசுது... பந்து சொன்ன பேச்சைக் கேக்கல. எங்க சர்வீஸ், ஒரே ஒரு பாயிண்ட் போதும்.

கோட்டுக்கு வெளிய அக்கா, பக்கத்துல நின்ன யாரோ ரெண்டு அம்மாங்களுக்கு ஆட்டத்தை விளக்கிட்டு இருக்காங்க. "நடுவுல நிக்குது பாருங்க, அது எங்க கேப்டன் கலா. அதைத் தாண்டிப் பந்து போகாதுங்க."

எதிர் டீம் திருப்பி அடிச்ச பந்து நேரா என்கிட்டதான் வந்துச்சு. நெட்டை ஒட்டி மெதுவா இறக்கினேன். அந்தப் பக்கம் அஞ்சு பேரும் பார்த்துட்டே நின்னாங்க.

அம்பயர் விசில் ஊதறதுக்கு முன்னாடியே அக்கா கோட்டுக்குள்ள. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம்... சேலையத் தூக்கிச் சொருகிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கிட்டாங்க.

காந்திபுரம் பஸ்ல கப்பு அவங்க மடியில. என்ன கப்புங்கன்னு கண்டக்டர் கேட்டார். "பூப்பந்துங்க. ஜெயிச்சுப்போட்டோம்"னு சொல்லிட்டு, அவருக்கும் முதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டாங்க. அவரும் டிக்கெட் போடறதை விட்டுட்டுக் கேட்டுட்டே வந்தார்.

சாயங்காலம் எடுக்கறாங்களாம். கெளம்பிட்டேன்...

வாரேன் அக்கா.