வராதீங்கன்னு சொன்ன பொண்ணு

குற்றாலத்தில் எந்த லாட்ஜுக்குப் போன் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அருவியில தண்ணி விழுதா?" எங்கள் லாட்ஜில் பதிலும் ஒன்றுதான். "விழுது சார், வாங்க." பாறை காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அது முதலாளி நமசிவாயம் அண்ணாச்சியின் உத்தரவு.

போன் எடுப்பவள் ஹஃப்சா. அச்சன்புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அந்தப் பதிலைக் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வாள். நான் மட்டும் என்ன யோக்கியம்? மோட்டார் போடுவது என் வேலை. அணைப்பது யார் வேலை என்று நான் விசாரித்ததே இல்லை. தொட்டி நிரம்பி, பின்சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று அண்ணாச்சி மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். அவர் எங்களைக் கை தட்டச் சொன்னார். 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த டீ சர்ட் கொடுத்தார். மோட்டார் துடைக்க அருமையான துணி.

போன சீசனில் சாரல் ஏமாற்றிவிட்டது. ஹஃப்சாவின் பேச்சை நம்பி வந்த சிவகாசிக் குடும்பம் ஒன்று, தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போய், அதே எண்ணெயோடு திரும்பியது. அந்நேரம் பார்த்துத் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. அவர்களின் சின்ன மகள் ஓடிப்போய் அதன் கீழ் நின்றாள். "அத்தை, இதுதான் மெயினருவியா?" என்று ஹஃப்சாவிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹஃப்சாவுக்கு முகம் செத்துப்போனது.

அடுத்து வந்த போனுக்கே மாற்றிச் சொன்னாள். "பாறைதான் தெரியுது, வராதீங்க. தண்ணி வந்ததும் நானே கூப்பிடுதேன்." அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஏம்மா, நீ எனக்கு வேலை பாக்குதியா, பக்கத்து லாட்ஜுக்கா?"

"இனிமே பொய் சொல்ல என்னால முடியாது அண்ணாச்சி."

"சரி. சனிக்கிழமை ரூம் நிறையலேன்னா, நீ வீட்டுல இருந்து உண்மை பேசு."

அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை போய்த் திரும்பி வந்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

அவளோ தினமும் காலையில் மெயினருவியையும் ஐந்தருவியையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மலையில் நல்ல மழை. வரவேண்டாம் என்று சொல்லியிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் பலரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி இருப்புக்கொள்ளாமல் வந்து, அடித்த போனைத் தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தண்ணி பிச்சுக்கிட்டுக் கொட்டுது சார், வாங்க."

"நீங்க யாருங்க? வராதீங்கன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சே, அதுகிட்ட குடுங்க. அது சொன்னா வர்றோம்."

அண்ணாச்சி போனை அவளிடம் நீட்டினார்.

"மெயினருவியில வெள்ளம், குளிக்க விடலை," என்றாள் ஹஃப்சா. "ஐந்தருவியில விடுதாங்க. தாராளமா வாங்க."

மத்தியானத்துக்குள் ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது. "நீ இங்கனயே இரும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்த அண்ணாச்சி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு என் சம்பந்தி வீட்டுல வாராக. தண்ணி நிக்குமா? நெசத்தைச் சொல்லு."

"காலையில பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

நான் எழுந்துபோய் மோட்டாரை அணைத்தேன். யாரும் சொல்லவில்லை.