அக்கா கொடுத்த பாலும் அக்காவின் முதுகுவலியும்

எங்கள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

நாங்குநேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். திசையன்விளைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, ஆடு வளர்த்தே மகனை ஆளாக்கினார். ஈன முடியாமல் எந்த வீட்டு ஆடு கதறினாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். வெறுங்கையால் குட்டியை எடுத்துப் போட்டுவிட்டு, "மூக்கப் பாரும் அண்ணாச்சி, அப்படியே ஒம்ம மாரி" என்று ஆட்டுக்காரரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

ஒரு கோடை விடுமுறைக்கு என் மகள் அங்கே போயிருந்தாள். பிள்ளை மெலிந்திருக்கிறாளே என்று அக்கா தினமும் கறந்த சூட்டோடு ஆட்டுப்பால் கொடுத்தார். காய்ச்சினால் சத்து போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

பாளையங்கோட்டைக்குத் திரும்பிய சில வாரங்களில் அவளுக்கு மாலையானால் காய்ச்சல் வந்தது. பிறகு வலது முழங்கால் வீங்கியது; எங்கோ விழுந்திருப்பாள் என்றார்கள். அடுத்து, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பயந்திருக்கிறாள் என்று கயிறு கட்டினார்கள். கடைசியில் மருத்துவமனையில் மூட்டைத் திறந்து சுத்தம் செய்ய நாள் குறித்தார்கள். பிறகு கால் பழையபடி மடங்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

பார்க்க வந்த அக்கா இடுப்பைப் பிடித்து முனகிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வை. அப்போது உள்ளே வந்த டாக்டர் அவரைக் கவனித்தார்.

"ஒங்களுக்கு முதுகு எவ்வளவு நாளா வலிக்குதும்மா?"

"அது கெடக்கு சார். ஆடு மேய்க்கிறவளுக்கு முதுகு வலிக்காம கிரீடமா மொளைக்கும்?"

"ஆடுக நல்லாருக்கா?"

"ரெண்டு மூணு செத்த குட்டி போட்டுச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"பாலக் காய்ச்சுவீங்களா?"

"காய்ச்சுனா அதுல என்ன இருக்கு?"

இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் புரூசெல்லா என்ற ஒரே கிருமி. ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்கு வருவது. அது அக்காவின் முதுகெலும்பிலும் என் மகளின் முழங்காலிலும் போய் உட்கார்ந்திருந்தது. அவள் மனம் சோர்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நாந்தானாட்டி புள்ளைக்கு நோயக் குடுத்தது?" என்று என்னைக் கேட்டார். பல நாள் பேசாதிருந்த மகள் திரும்பினாள்.

"நீங்க வராட்டி என் காலக் கீறியிருப்பாவ பெரியம்மா."

இருவரும் வாரக்கணக்கில் ஒரே மாத்திரை சாப்பிட்டார்கள். அதில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். காலையில் அக்காவின் முதல் போன் அதற்குத்தான்: "ஏட்டி, ஒனக்கும் கலருதானா? நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி." மகள் சிரிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்கும்.

குணமான பிறகு கையுறை இல்லாமல் அக்கா ஆட்டைத் தொடவில்லை. "டாக்டரம்மா வாராவ" என்று தெருவே கேலி செய்தது. "கேலி பண்ணிக்கிட்டே பாலப் பொங்க வையுங்க" என்பார்.

சென்ற ஆண்டு ஒரு காலையில், காபி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுவிட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

அன்று எங்களைத் தாங்கிப்பிடித்த உறவுகளுக்கும், அக்காவின் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அயலாருக்கும், அந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் முதலாண்டு நினைவு நாளான இன்று பந்தியில் உங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து பரிமாறப்போவது என் மகள்தான். அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்று உங்களைக் கவனிக்காமல் விட்டேனென்றால், பொறுத்துக்கொள்ளுங்கள்.