நகப்பூச்சுக் கோடு

எங்கள் பழைய காரின் கியர்பாக்ஸுக்கு இரண்டு பிளக்குகள் உண்டு. பக்கவாட்டில் இருப்பது புது ஆயிலை ஊற்ற, அடியில் இருப்பது பழைய ஆயிலை வடிக்க. ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று உறுதி செய்யாமல் வடிக்கும் பிளக்கைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் விதி. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வழியில்லாமல் முழிப்பவனைவிடப் பெரிய முட்டாள் கிடையாது என்பார். எந்த வேலையையும் வரிசை எழுதிக்கொண்டு தொடங்கும் என் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோபாலபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அப்பா லேசான பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. நடை தேறிவிட்டது. வலது கை மட்டும் சொன்னதில் பாதியைத்தான் கேட்டது. ஓட்ட ஆளில்லாத காரை விற்றுவிடலாம் என்று அம்மாவின் அண்ணன் வாரம் தவறாமல் சொல்லி, கடைசியில் வாங்க ஆளையும் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

அப்பா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வருஷா வருஷம் செய்வதுபோல் கியர் ஆயிலை அன்று தன் கையாலேயே மாற்றிவிட்டால் கார் வீட்டில் இருக்கும். முடியாவிட்டால் வருகிறவரிடம் சாவி. சொன்ன சொல்லை அவர் மாற்றமாட்டார். எனக்குக் கார் என்றால் ஞாயிறு மாலை பெசன்ட் நகர் கடற்கரை. அதனால் நான் அப்பாவின் கட்சி.

காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஆட்டோக்காரர் காரின் முன்சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றிக் கொடுத்தார். மேல் பிளக் உடனே கழன்றது. அடிப் பிளக் அசையவில்லை. அப்பா, அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவரச் சொன்னார். பிளக்கின் தலையிலிருந்து கியர்பாக்ஸ் உடம்புவரை என்னை ஒரு கோடு இழுக்க வைத்தார்.

"துளி நகர்ந்தாலும் கோடு உடையும். கைக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும்."

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். பாயில் மல்லாந்து படுத்து, இடது கையால் ஸ்பேனரை இழுத்தார். ஒவ்வொரு முறையும் "கோடு?" என்பார். "அப்படியே இருக்குப்பா" என்பேன்.

பதினொரு மணிக்கு ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னா சார், காலைலேர்ந்து அதாண்டயே மல்லுக்கட்டிக்கினு கீற?"

"உன் வண்டியை நீ பாருப்பா."

"பார்த்துக்கினுதான் கீறேன். அது ஓடுது சார்." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருவு. தன்னால கயண்டுக்கும்" என்றார்.

பைப் போட்டால் பிளக்கின் தலை மழுங்கிவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார். பைப்பைப் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, ஆட்டோக்காரரும் சொல்லவில்லை. அம்மா சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள்.

சாப்பிட்டதும் கால் மணி நேரம் படுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அப்பா படுத்ததும் அம்மா வெளியே வந்து, நேராக அடிபம்புக்குப் போனாள். கைப்பிடியின் முளையைத் தட்டி எடுத்து, இரும்புக் குழாயை உருவிக்கொண்டு வந்தாள். தினமும் முப்பது குடம் தண்ணீர் அவள் அடித்த குழாய் அது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் போனாள்.

"டார்ச்சைப் பிடி. வாயைத் தொறக்காதே."

ஸ்பேனர் முனையில் குழாயை மாட்டி ஒரே இழுப்பு. காய்ந்த குச்சி ஒடிவதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உடனே நிறுத்திவிட்டாள். நான் கோட்டைப் பார்த்தேன். அது இரண்டாகியிருந்தது. நடுவில் ஓர் அரிசி நீளம் இடைவெளி. அம்மா பிளக்கைப் பழைய இடத்துக்கே திருப்பிப் பார்த்தாள். பாதிகள் பக்கத்தில் வந்தன, சேரவில்லை. அழித்து வேறு வரையலாம் என்று நான் சொல்வதற்குள் உள்ளே அப்பா கனைத்தார்.

"அப்பாகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் பீச்சுன்ற பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுக் குழாயோடு ஓடினாள்.

அப்பா வந்து படுத்தார். "கோடு?"

"அப்படியே இருக்குப்பா."

அன்று முழுவதும் என் கண்ணை நம்பியவர், இப்போது டார்ச்சைக் கேட்டார். வெகுநேரம் அடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு பாதியைத் தடவினார், பிறகு மறுபாதியை. அம்மா குழாயடியில், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரி, ஸ்பேனரைக் குடு" என்றார்.

இந்த முறை வலது கையை நீட்டினார். அதன் விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கி ஸ்பேனரைச் சுற்றி வைத்தார். தாடை இறுகியது. பிளக் திரும்பியது. கறுப்பு ஆயில் தகரத் தட்டில் கொட்டியது.

"நைனா! சாதிச்சிட்டியே!" என்று ஆட்டோக்காரர் தெருவிலிருந்து கத்தினார்.

நாலு மணிக்கு மாமா ஆளோடு வந்தார். அப்பா ஆயில் சொட்டும் வலது கையை நீட்ட, வெள்ளைச் சட்டை போட்டிருந்த மாமா வேறு வழியில்லாமல் அதைக் குலுக்கினார். 'அப்பாவே பிளக்கைக் கழற்றினார். கார் எங்களுக்கே' என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். நான் வைத்திருக்கும் நோட்டுகளில் அதுதான் முதலாவது. அந்த வரியை இதுவரை திருத்தவில்லை.

மறுநாள் காலை அப்பா அம்மாவைத் தேனாம்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு அழைத்துப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அம்மா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உன் கையில வலு இருக்கு. அது போதும்" என்றார் அப்பா.

அம்மா சட்டென்று தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆத்திரம். ஜெயித்தது அப்பா, காரை மட்டும் ஏன் அம்மாவிடம் தூக்கிக் கொடுக்கிறார்? அந்த அநியாயத்துக்காக ஒரு வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.