செந்நிறக் காசும் என் தீர்ப்பும்

செகந்திராபாத்தில் நாணயம் சேர்ப்போர் சிலர் திங்களுக்கொரு ஞாயிறு கூடுவோம். அக்கூட்டத்தில் என் சொல்லுக்குச் சற்று மதிப்பிருந்தது. பிழைக்காசு என்றால் அதன் பிழை, நாணயம் அச்சிடும் அக்கசாலைக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும். வெளியே வந்தபின் நேர்வதெல்லாம் விபத்து. இதுவே என் அளவுகோல். இருமுறை அச்சான நாணயம் என்று இரயில்வேயில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஆசையோடு கொணர்ந்த காசை, “இது சுத்தியலின் கைவண்ணம்” என்று அவையறியக் கூறியவன் நான். ஓராண்டாயிற்று, அவர் அதை மறக்கவில்லை.

இந்நிலையில், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையிலிருந்து திரும்புகையில் ஷேர் ஆட்டோவில் மீதியாகப் பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசொன்று என் கைக்கு வந்தது. வெள்ளையாயிருக்க வேண்டியது செக்கச்செவேலென்றிருந்தது. நிறுத்துப் பார்த்தேன், எடை சரியாகவே இருந்தது. செம்பும், செம்பில் நிக்கல் கலந்த வெண்காசின் உலோகமும் ஏறத்தாழ ஒரே எடையின என்பதால் அது வியப்பன்று. தவறிச் செம்புத் தகட்டில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்து, விரல்படாமல், நடுவே கண்ணாடித்தாள் வைத்த அட்டை உறைக்குள் இட்டு நாற்புறமும் பிணித்தேன். வரும் ஞாயிறு இதைப் பற்றிப் பேசுவதாக எல்லார்க்கும் தொலைபேசியில் அறிவித்தும் விட்டேன். இரயில்வே நண்பர் முன்வரிசையில் அமர்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை, மாடிவீட்டுப் பெண்மணி எங்கள் செய்தித்தாளைத் திருப்பித்தர வந்தார். மூன்று தலைமுறையாக இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பம். ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையொன்றில் அவருக்கு வேலை. மேசைமீதிருந்த உறையைப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு அங்கிள் சட்டை போட்டு வெச்சிருக்கீங்க? எங்க கம்பெனி காசுதானே இது.”

தம் பணப்பையிலிருந்து நான்கு காசுகளை மேசைமேல் உதிர்த்தார். நான்கும் செந்நிறம். அமில ஆவி சூழ்ந்த பகுதியில் வேலை செய்வோரின் சட்டைப்பையில் சில வாரம் கிடந்தால், மேலுள்ள நிக்கல் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் நின்று இப்படியாகுமாம். ஆட்டோக்காரரிடம் பாதி இவைதானாம். நான் நம்பத் தயங்கியதைக் கண்டு, வீட்டுச் சாவியால் ஒன்றைச் சுரண்டினார். என் பல் கூசிற்று. செம்மைக்கடியில் வெள்ளை தெரிந்தது.

என் காசை உறையிலிருந்து எடுத்து விளிம்பை நோக்கினேன். விளிம்பின் நடுப்பள்ளத்தில் ஆங்காங்கே வெண்மை எஞ்சியிருந்தது. முழுச்செம்பாயின் அது எங்ஙனம்? எடுத்த எடுப்பில் பார்த்திருக்க வேண்டிய இடத்தை நானே அட்டையால் மூடிவைத்திருந்தேன். கூட்டத்துக்கு உடல்நலமில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட எண்ணினேன். பின், அந்நான்கையும் இரவல் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறன்று ஐந்தையும் வரிசையாக வைத்து, நடந்ததை நடந்தவாறே உரைத்தேன். இரயில்வே நண்பர் உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரமே காட்டவில்லை.

“அப்ப இதுவும் என் காசோட ஜாதிதான். இல்லீங்களா ஐயா?”

“ஐயமின்றி,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தமக்கும் ஒரு காசு வேண்டுமென்று கேட்டு, சாவிக் கீறலோடிருந்ததையே பொறுக்கிக்கொண்டார். உடன் கொணர்ந்திருந்த தம் தொகுப்பேட்டில் அந்தச் சுத்தியல் காசுக்குப் பக்கத்திலேயே செருகினார். இன்னும் அதை அவர் அகற்றாமல் வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

மாலையில் மூன்று செங்காசுகளோடு, நண்பர் எடுத்துக்கொண்டதற்கு ஈடாகப் பளபளக்கும் வெண்காசு ஒன்றையும் சேர்த்து மாடிவீட்டில் கொடுத்தேன். அப்பெண்மணி அந்த வெண்காசை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க கம்பெனி காசு இல்லையே அங்கிள்.”